குதிரைச் சவாரி சிகிச்சை மையத்தில் தொண்டூழியம்: அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஒத்துவருமா?

உட்லண்ட்ஸ்வாசி:
அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 64. உடற்குறையுள்ளவர்களுக்குக் குதிரைச் சவாரி மூலம் சிகிச்சை தரும் சங்கமான சிங்கப்பூர் ஆர்டிஏவில் தொண்டூழியத்துக்குப் பதியலாமா என்று கேட்கிறார்கள். இருவரும் குதிரையைத் தொட்டதே இல்லை. அப்பாவுக்கு ஒரு முட்டி மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. அம்மா எலும்பு அடர்த்திக் குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சைட் வாக்கர் என்றால் பக்கத்தில் சும்மா நடப்பதுதானா? உட்கார்ந்து செய்கிற வேலை உண்டா?

லாயக்காரன்:
குதிரை அனுபவம் தேவையில்லை, சொல்லிக் கொடுப்பார்கள். 1982இல் தொடங்கிய சங்கம் அது. சவாரிக்கு வரும் பிள்ளைகளிடம் காசு வாங்குவதில்லை, அதனால் தொண்டூழியர் இல்லாமல் வகுப்பே நடக்காது.

ஆனால் சைட் வாக்கர் வேலை "சும்மா நடப்பது" இல்லை. குதிரையைப் பிடித்து நடத்துபவர் லீடர். சமநிலை குறைந்த பிள்ளை என்றால் இருபுறமும் ஆளுக்கொரு சைட் வாக்கர். குதிரைப் பக்கமுள்ள முன்கையைப் பிள்ளையின் தொடைமேல் குறுக்கே வைத்து, விரல்களால் சேணத்தின் முன்விளிம்பைப் பிடிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் தோள் கடுக்கும். கடுத்ததும் பலர் தெரியாமலே கையின் பாரத்தைக் கீழே இறக்கிவிடுவார்கள். ஒருபக்கம் பாரம் கூடினால் சேணம் அந்தப் பக்கம் சரியும். முழங்கை விலாவில் குத்தினால், வேகமாகப் போகச் சொல்வதாகக் குதிரை எடுத்துக்கொள்ளும். கை வலித்தால் பயிற்றுநரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குதிரையை நிறுத்தி, ஒவ்வொருவராகப் பக்கம் மாறுவார்கள். இருவரும் ஒரே நேரத்தில் கையை எடுக்கவே கூடாது.

நடையைப் பொறுத்தவரை, அரைமணி வகுப்பில் நின்று நின்று போனாலும் ஒன்றரை கிலோமீட்டர் வந்துவிடும், அதுவும் மணலில். வீட்டருகே பூங்காவில் மூன்று கிலோமீட்டர் சளைக்காமல் நடப்பவர் என்றால் யோசிக்கலாம்.

பிசியோ அக்கா:
தம்பி, அம்மாவைச் சைட் வாக்கராக விடுவதற்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள். 400 கிலோவுக்கு மேலுள்ள விலங்கு பக்கவாட்டில் ஓரடி நகர்ந்தாலே ஆளைத் தள்ளிவிடும். அடர்த்தி குறைந்த எலும்புக்கு அந்த ஒரு விழுகை போதும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளட்டும்.

பலர் கவனிக்காத இன்னொன்று, புரோகிரசிவ் கண்ணாடி. கீழ்ப்பகுதி வாசிப்பதற்கானது என்பதால் குனிந்து பார்த்தால் தரை மங்கும். பிள்ளைகள் குதிரையில் ஏற நிற்கும் மேடையின் விளிம்பில் கால் தவறுவது அப்படித்தான். தூரப்பார்வைக்கென்று தனிக் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

அப்பாவுக்குக் குளம்பு சுத்தம் செய்யும் வேலை வேண்டாம். குதிரை அருகில் யாரும் மண்டியிடவோ உட்காரவோ கூடாது, இடுப்பை வளைத்துத்தான் செய்ய வேண்டும். மாற்று முட்டியோடு அப்படியே நின்று சட்டென்று விலக முடியாது.

சேண அறை:
உட்கார்ந்த வேலை கேட்டீர்களே, எங்கள் அறைக்கு அனுப்புங்கள். சிங்கப்பூர் ஈரத்தில் தோல் சாமான்களில் பூஞ்சை பிடித்துக்கொண்டே இருக்கும். ஈரத்துணியால் வியர்வை உப்பைத் துடைத்து, சேண சோப்பை நுரை வராத அளவுக்குத் தேய்த்து, நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். சேணத்தைக் குதிரையோடு இறுக்கிக் கட்டும் வயிற்றுப்பட்டையின் தையலையும் வாரின் துளைகளையும் பார்ப்பது அதைவிட முக்கியம். நூல் பிரிந்திருந்தால் அந்தப் பட்டையைத் தனியே எடுத்து வைத்துப் பொறுப்பாளரிடம் காட்ட வேண்டும். நிதானமான பெரியவர்களின் கண்ணுக்குத்தான் இதெல்லாம் படும்.

உட்லண்ட்ஸ்வாசி:
நன்றி அக்கா, நன்றி எல்லாருக்கும். முதல் நாள் என்ன போட்டுக்கொண்டு போக வேண்டும்?

லாயக்காரன்:
கால்சட்டை, விரல் மூடிய கெட்டியான காலணி. துப்பட்டா, தொங்கும் சங்கிலி, வளையல் வேண்டாம். செவிக்கருவி இருந்தால் பயிற்றுநரிடம் சொல்லிவிடட்டும், திடலின் மறுமுனையிலிருந்துதான் குரல் கொடுப்பார்கள்.

குதிரையின் பின்னாலிருந்தோ நெற்றிக்கு நேரேயோ போகாமல், பேசிக்கொண்டே தோள்பக்கமாக அணுகச் சொல்லுங்கள். குளம்பு பாதத்தின்மேல் ஏறிவிட்டால் காலை இழுக்கக் கூடாது, தோலும் சேர்ந்து உரியும். தோளை அழுத்தித் தள்ளினால் அதுவே பாரத்தை மாற்றும்.

பாசத்தில் வெல்லக்கட்டியைக் கையால் ஊட்ட வேண்டாம், பிறகு பிள்ளைகளின் விரலைக் கவ்வப் பழகிவிடும். அப்புறம் குடை. மழை வந்தால் நனையட்டும், திடல் ஓரத்தில் படக்கென்று விரித்தால் குதிரை மிரளும்.