பெங்காலி பிஞ்ச் வளர்த்த ஜீப்ரா பிஞ்ச் குருவிக்கு அப்பன் பாட்டு வரவில்லை

மாடிக்கூண்டு:
வணக்கம். ஆறு வருடமாக மொட்டை மாடியில் பிஞ்சஸ் (கூண்டில் வளர்க்கும் சின்னப் பாட்டுக் குருவிகள்) வளர்க்கிறேன். மார்கழியில் ஒரு ஜீப்ரா பிஞ்ச் ஜோடி நான்கு முட்டை இட்டுவிட்டு அடை உட்காரவில்லை. முட்டைகளை எடுத்து, பெங்காலி பிஞ்ச் என்ற வேறு இன ஜோடியின் கூட்டுப் பானைக்குள் வைத்தேன். ஒரு குஞ்சுதான் தேறியது. ஆண். கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, சிவப்பு மூக்கு, அச்சு அசல் அப்பன். ஆனால் வாயைத் திறந்தால் பெங்காலிப் பாட்டு! ஜீப்ராவின் அந்தப் பொம்மை ஊதல் மாதிரி குரலைக் காணோம். நான்கு மாதம் ஆகிறது, இனி மாறுமா? கூடவே மகளின் கேள்வி ஒன்று: வளைக்குள் வாழும் எலி வகைகளும் இப்படிக் கேட்டுக் கற்குமா?

கோவைக்குருவி:
மாறாது அண்ணா. முட்டையிலிருந்து வந்த 25ஆம் நாள் தொடங்கி 90ஆம் நாளுக்குள் கேட்டுப் பழகுவதுதான் அதன் ஆயுசுக்கும் பாட்டு. பெரும்பாலும் அது பெங்காலிப் பெட்டையைத்தான் சுற்றும். அடுத்த முறை குஞ்சு தானாகத் தினை கொத்த ஆரம்பித்ததும், 35 நாள் வாக்கில், ஜீப்ரா ஆணோடு விடுங்கள்.

விலங்கியல் டீச்சர்:
மகளுக்கு என் பாராட்டு. கென்யா, எத்தியோப்பியா, சோமாலியாவில் நேக்கட் மோல் ராட் என்று முடியில்லாத வளை எலி உண்டு. கண் பார்வை அநேகமாகக் கிடையாது. ஒரு ராணியின் கீழ் எழுபது எண்பது எலிகள் மண்ணுக்குள் குடும்பமாக வாழும். எதிரே வருவது யார் என்று மெல்லிய கீச்சொலியால்தான் விசாரிக்கும். குடும்பத்துக்குக் குடும்பம் அந்தக் கீச்சில் வட்டார வழக்கு இருப்பதை பெர்லின் ஆய்வாளர்கள் 2021இல் காட்டினார்கள். நீங்கள் முட்டையை மாற்றியதுபோல அவர்கள் குட்டியை வேறு குடும்பத்தில் விட்டார்கள். வளர்ந்ததும் அது வளர்த்த வீட்டுக் கீச்சையே பேசியது!

ஆனால் பிஞ்சில் ஆண் மட்டும் பாடும், அதுவும் பெண்ணைக் கவர. எலியில் ஆண், பெண் எல்லாமே ஒரே கீச்சு. வேற்றுக் கீச்சோடு வருகிற அந்நியனுக்குக் கடிதான். இன்னொன்று, உங்கள் பிஞ்சுக்குப் பாட்டு உறைந்துவிட்டது. எலிகளுக்கோ ராணி செத்தால் வழக்கே குலைந்துபோகிறது.

மாடிக்கூண்டு:
நன்றி டீச்சர். மகள் உடனே கேட்கிறாள், அடுத்த ராணி யார்?

விலங்கியல் டீச்சர்:
பெண் எலிகள் சண்டை போடும்மா, சில சமயம் சாகும் வரைக்கும். ஜெயித்தவள் ராணி. அவள் நிலைத்த பிறகுதான் கீச்சும் மறுபடி ஒன்றாகும்.