மறுமொழி: ரைபிள் சீரமைப்புச் சொற்கள் – ‘பெடிங்’ என்பதற்குப் ‘படிமானம்’

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

குறிபார்த்துச் சுடுதலைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் தம் ரைபிளைச் சீர்செய்யும்போது வழங்கும் சொற்களைத் தொகுக்கும் இம்முயற்சியில், ‘பெடிங்’ என்பதற்கு, அதாவது ரைபிளின் இரும்புப் பகுதி அதன் கட்டை உடலில் பொருந்தி அமரும் விதத்துக்கு, இதுவரை படுக்கை, மெத்தையிடல், தளமிடல், பதிகை என நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. நான்கையும் படித்தபின், ‘படிமானம்’ என்ற வழக்குச் சொல்லை ஐந்தாவதாக முன்வைக்க விரும்புகிறேன். கொழும்பில் ஒரு சுடுகழகத்தின் உறுப்பினராக, மர உடலுள்ள பழைய .22 (0.22 அங்குலக் குழல்) போட்டி ரைபிள் ஒன்றோடு பல ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருபவன் என்ற முறையிலேயே இதை எழுதுகிறேன். மொழியியல் எனக்குத் தொழில் அன்று.

முதலில், நாம் பெயர் வைக்கப் போகும் பொருள் எது என்பதில் உடன்பாடு வேண்டும். துவக்கின் குழலும் அதன் பின்னுள்ள இரும்புக் கூடும் ஒரே உறுதியான பகுதி. அப்பகுதி மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன உடலில் குடைந்த பள்ளத்தினுள் இருத்தப்பட்டு, கீழிருந்து பெரும்பாலும் இரண்டு திருகாணிகளால் இறுக்கப்படுகிறது. அந்த உடலை நான் ‘சோங்கு’ என்றே எழுதுகிறேன். நம் ஊர்வழக்கில் சோங்கு என்பது தோளில் முட்டும் பின்பகுதியை மட்டுமே குறிக்கும் என்று வவுனியா அன்பர் சுட்டியது சரிதான். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு நல்ல சொல் இருக்க, ‘துப்பாக்கிக் கட்டை உடற்பகுதி’ என்று நீட்டி எழுதுவதைவிட இருப்பதன் பொருளைச் சற்று அகட்டுவது நல்லது. இரும்பு சோங்கின் மேல் எங்கெங்கே தொடுகிறது, அத்தொடுகை எவ்வளவு முழுமையானது, திருகாணியை இறுக்கும்போது இரும்பு வளைகிறதா என்பவையே ‘பெடிங்’ என்ற சொல்லின் உள்ளடக்கம்.

இது ஏன் இவ்வளவு பெரிய பேச்சாகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. அனைத்துலகப் போட்டிகளில் 50 மீற்றர் ரைபிள் இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீற்றர் விட்டமுடையது. 65 சென்ரிமீற்றர் நீளமான குழலின் வாய், குறிக்கருவியோடு சேராமல் தனியே 0.07 மில்லிமீற்றர் சாய்ந்தால், 50 மீற்றருக்கு அப்பால் குண்டு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் விலகும். அதாவது ஒரு தலைமயிரின் பருமன் அளவு நெளிவு, நடுவில் விழவேண்டிய குண்டைப் பத்தின் விளிம்புக்குத் தள்ளிவிடும். கொழும்பில் இதற்குக் காலநிலையும் துணைபோகிறது. மரம் ஈரத்தை வாங்கினால் நார் ஓடும் திசையில் அதிகம் நீளாது, குறுக்காகவே பருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுத் தொடங்கும் மே மாதத்தில், சோங்கின் முன்பகுதி பருத்துக் குழலின் ஒரு பக்கத்தை மெல்ல உரசத் தொடங்கும். பெப்ரவரியில் ஒழுங்காகச் சுட்ட அதே துவக்கு யூனில் இடப்பக்கம் இழுப்பதற்குக் காரணம் பல வேளைகளில் இதுவே. ஆனால் சுடுபவர் தம் மூச்சையும் விரலையும் நொந்துகொண்டிருப்பார்.

இப்போது பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘மெத்தையிடல்’ என்பதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். மெத்தை என்றால் மென்மை, அமுங்குதல், மீண்டெழுதல் என்பவைதான் தமிழ் வாசகர் மனத்தில் தோன்றும். நமக்கு வேண்டியதோ இவற்றுக்கு நேர் எதிரானது. இங்கே இடப்படும் பொருள் அமுங்கக்கூடாது, சுருங்கக்கூடாது, ஆண்டுகள் போனாலும் வடிவம் மாறக்கூடாது. இரும்புத் தூளோ கண்ணாடி நாரோ கலந்த எபொக்சிப் பிசினை இதற்குப் பயன்படுத்துவது அதனால்தான். ‘மெத்தையிடல்’ என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு புதியவர் இரும்புக்கும் மரத்துக்கும் இடையில் இறப்பர் துண்டை வெட்டி வைத்தால், பழி அவர்மேல் விழாது, சொல்லை ஆக்கிய நம்மேலேயே விழும்.

‘படுக்கை’ அவ்வளவு தீங்கானதன்று, ஆனால் ஏற்கெனவே பலருடைய கையில் இருக்கும் சொல். புவியியலில் ஆற்றுப்படுக்கையும் பாறைப்படுக்கையும் இருக்கின்றன. வைத்தியசாலையில் வேறொன்று இருக்கிறது. அதோடு படுக்கை என்பது ஓர் இடத்தைக் குறிக்குமே தவிர, அவ்விடத்தில் ஒன்று எவ்வளவு சரியாக இருக்கிறது என்பதைச் சொல்லாது. ‘தளமிடல்’ கட்டடக்காரர்களுக்கே இருக்கட்டும்.

‘பதிகை’தான் நான்கினுள் சிறந்தது. கொழும்புச் செட்டியார் தெருப் பொற்கொல்லர் நகையில் கல் பதிப்பதை மனத்திற் கொண்டு நம் குழும அம்மையார் ஒருவர் இதைத் தந்திருக்கிறார். பள்ளத்தின் வடிவமும் பொருளின் வடிவமும் ஒன்றுக்கொன்று சரியாக வரவேண்டும் என்ற கருத்து அதில் உண்டு. எனினும், பதித்த கல் வெளியே வருவதற்காகப் பதிக்கப்படுவதில்லை. துவக்கின் இரும்போ துப்புரவு செய்யவும், மழைக்காலத்தில் அடிப்பக்கத்துத் துருவைப் பார்க்கவும் கழற்றப்படும். கழற்றி மீண்டும் பூட்டும்போது மயிரிழை பிசகாமல் பழைய இடத்திலேயே போய் அமரவேண்டும். திரும்பி வரும்போது அதே இடத்துக்கு வருவதுதான் நல்ல பெடிங்கின் முதல் அடையாளம். பதிகையில் அந்தப் பொருள் இல்லை.

‘படிமானம்’ என்ற சொல்லை நாம் புதிதாக ஆக்கவேண்டியதில்லை. கதவு நிலையோடு படியவில்லை என்று தச்சர் சொல்கிறார். வாரிய தலைமயிர் படிமானமாக இருக்கிறது என்று வீட்டில் சொல்கிறோம். இரண்டு பரப்புகள் இடைவெளியின்றி, அதே நேரம் ஒன்றையொன்று வலிந்து தள்ளாமல் பொருந்தியிருக்கும் நிலையை அது குறிக்கிறது. இந்த ‘வலிந்து தள்ளாமல்’ என்ற பகுதியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இடைவெளி இல்லாமல் இறுக்குவது எவராலும் இயலும். திருகாணியைப் பலங்கொண்ட மட்டும் முறுக்கினால் இரும்பு வளைந்து மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். அது பொருத்தம் போலத் தோன்றினாலும் படிமானம் ஆகாது.

அச்சொல் பட்டறையில் நின்று பிடிக்குமா என்பதைச் சோதனை முறைகளோடு வைத்துப் பார்க்கலாம். துவக்கில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, அதைச் சோங்கின் அடி நிலத்தில் ஊன்றியிருக்க நிமிர்த்திப் பிடிக்கிறோம். ஒரு கையின் விரல்நுனிகளைச் சோங்கின் முன்முனையும் குழலும் சந்திக்கும் இடத்தில், இரண்டிலும் படும்படி வைத்துக்கொள்கிறோம். மற்றக் கையால் முன்திருகாணியை மெல்லத் தளர்த்துகிறோம். படிமானம் நன்றாக இருந்தால் விரல்நுனிக்கு ஒன்றும் தெரியாது. படிமானம் கெட்டிருந்தால், வளைத்துக் கட்டிவைத்த பிரம்பை அவிழ்த்தாற்போலக் குழல் மரத்தைவிட்டு எழுவது விரலில் உணரப்படும். அளவுமானி வைத்துப் பார்ப்பவர்கள், 0.05 மில்லிமீற்றருக்கு மேல் அசைவு தெரிந்தால் வேலை இருக்கிறது என்று கொள்கிறார்கள். ‘முன்திருகாணியிற் படிமானம் போதாது’, ‘பின்பக்கம் படிமானம் சரி, முன்பக்கம் தூக்குகிறது’ என்றெல்லாம் இதைக் கழகத்தில் சொல்லிப் பார்த்தேன். எவரும் விளக்கம் கேட்கவில்லை. ‘பதிகை போதாது’ என்று அதே இடத்தில் சொல்ல முடியுமா என்பதை அம்மையாரே தீர்மானிக்கட்டும்.

அறிகுறிகளை எழுதும்போதும் இச்சொல் கைகொடுக்கிறது. குண்டுகள் ஓரிடத்தில் திரளாமல் இரண்டு தனித்தனிக் கூட்டங்களாக விழுதல், கழற்றிப் பூட்டிய ஒவ்வொரு முறையும் குறி மாறுதல், குழல் சூடேற ஏற அடிகள் ஒரே கோட்டில் மேலேறிச் செல்லுதல் ஆகியவை படிமானக் கோளாற்றின் வழக்கமான அடையாளங்கள். ஆனால் இவற்றைக் கண்டவுடன் எபொக்சியைக் கலக்கத் தொடங்குவது அவசரக்காரர் வேலை. குறித்தொலைநோக்கியின் பிடிகள் தளர்ந்திருந்தாலும், குழல்வாயின் விளிம்பில் ஒரு சிறு காயம் இருந்தாலும், .22 தோட்டாவின் தயாரிப்புத் தொகுதி மாறியிருந்தாலும் ஏறத்தாழ இதே தோற்றம் வரும். ஒரே வகைத் தோட்டாவில் ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் இடையில் .22 ரைபிள்கள் காட்டும் வேறுபாடு சில வேளைகளில் படிமானக் கோளாற்றையே விஞ்சிவிடும். ஆகையால் நம் தொகுப்பில் இப்பதிவின் கீழ் அறிகுறிகளைத் தருவதாயின், மற்றக் காரணங்களை முதலில் நீக்கவேண்டும் என்பதையும் சேர்த்தே தரவேண்டும்.

சென்னையிலிருந்து எழுதும் ஆசிரியர், ‘படிமானம் என்பது நிலையைக் குறிக்கும், செயலுக்கு என்ன சொல்வீர்கள்?’ என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் செயல், அதற்கு இடும் பொருள், அதனால் வரும் நிலை ஆகிய மூன்றுக்கும் ஒரே சொல் போதுமாக இருக்கிறது. தமிழில் அந்த நெருக்கடி நமக்கு வேண்டாம். செயலுக்குப் ‘படிவித்தல்’ என்ற பிறவினை வடிவத்தையும், இடும் பொருளுக்குப் ‘படிபிசின்’ என்ற வினைத்தொகையையும், கிடைக்கும் நிலைக்குப் ‘படிமானம்’ என்பதையும் வைத்துக்கொண்டால், ‘சோங்கைப் படிவிக்கும் முன் இரும்பில் படிபிசின் ஒட்டாதிருக்கச் சப்பாத்துப் பொலிஷ் பூசவும், ஆறியபின் படிமானத்தைச் சோதிக்கவும்’ என்று மயக்கமில்லாமல் எழுதலாம். பொலிஷ் பூச மறந்தாலோ, திருகாணித் துளைகளைக் களியால் அடைக்காமல் விட்டாலோ பிசின் உள்ளே ஓடிப் பூட்டிக்கொள்ளும், இரும்பையும் மரத்தையும் பிறகு பிரிப்பது பெரும்பாடு. நம் ஊர் வெக்கையில் எபொக்சி விரைவாக இறுகும் என்பதால், குளிர்நாட்டார் எழுதிய நேரக் கணக்கை அப்படியே நம்பவும் கூடாது.

‘படிவு’ என்பதோடு குழம்பாதா என்ற ஐயத்துக்கும் விடை சொல்லவேண்டும். புவியியலிலும் இரசாயனவியலிலும் நீரின் அடியிற் சேர்வதைப் படிவு என்கிறோம். வேர் ஒன்றுதான், ஆனால் ஈறு பிரித்துக்காட்டிவிடுகிறது. அரசகரும மொழித் திணைக்களம் 1950களிலும் 1960களிலும் வெளியிட்ட சொற்றொகுதிகளின் வழியில் ஒட்சிசன், ஐதரசன் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். பெயர்ச்சொல்லைக் கடன் வாங்குவதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் பெடிங் ஒரு பொருளின் பெயரன்று, ஒரு தன்மையின் பெயர். தன்மையைச் சொல்லும் சொல் வாசகருக்குத் தானே விளங்கவேண்டும்.

‘குழல் எதையும் தொடாமல் இருப்பதே படிமானம்’ என்று ஓர் அன்பர் எழுதியதை மட்டும் ஏற்க முடியவில்லை. அது பல வகைகளுள் ஒன்று. இலங்கையில் படையினரும் பொலிஸாரும் நீண்டகாலம் கையாண்ட லீ என்பீல்ட் ரைபிளின் 4 ஆம் இலக்க வகையில், சோங்கின் முன்முனை குழலைக் கீழிருந்து சில இறாத்தல் விசையோடு தாங்கவேண்டும் என்பதே வழக்கமான அமைப்பு. அதை விலக்கிவிட்டால் குறி சிதறும். எனவே இரண்டுக்கும் தனிச்சொல் தேவை. குழல் தனித்து நிற்கும் அமைப்புக்கு ‘மிதக்கும் குழல்’ என்று எழுதுவதைத் தவிர்ப்போம், அங்கே எதுவும் மிதக்கவில்லை. ‘தொடாக் குழல்’ என்றால் போதும். ஒரு கடதாசித் துண்டைக் குழலுக்கும் சோங்குக்கும் இடையில் முன்முனையிலிருந்து உட்செலுத்திப் பார்க்கும் சோதனையையும் அச்சொல்லே நினைவூட்டும். பின்னுதைப்பை ஏற்றுச் சோங்குக்குக் கடத்தும் முளைக்கு ‘உதைமுளை’ என்பதை ஆதரிக்கிறேன். துவக்கு உதைக்கிறது என்று எல்லோரும் சொல்வதுதானே. சுண்டும் விசையின் பெயரை இங்கே எடுக்காமல் விடுகிறேன், ஏனெனில் ‘விசையை இழுக்க வேண்டிய விசை’ என்ற வாக்கியத்தை எழுதிப் பார்த்தவர்களுக்கு, ஒரே சொல் பொறியையும் வலுவையும் குறிக்கும் அச்சிக்கல் தெரியும்.

தோட்டா உள்ளே சென்று நிற்கும் எல்லைக்கும் அதன் பின்னுள்ள அடைப்பின் முகத்துக்கும் இடையிலான அளவுக்குத் ‘தலைவெளி’ என்று சேர்த்திருப்பதைத் தற்காலிகமாக நீக்கிவிடுமாறு தொகுப்பாளரை வேண்டுகிறேன். படிமானம் பிசகினால் புள்ளிதான் குறையும். அந்த அளவு பிசகினால் தோட்டாவின் கோது வெடித்து முகத்தில் அடிக்கும். வெற்றிடம் என்று பொருள்படும் சொல்லைப் பார்த்து, இடம் கூடினால் நல்லதென்று ஒருவர் நினைத்துவிடக் கூடாது. நம் நாட்டில் 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவரிடமே துவக்கு இருக்க முடியும் என்பதால், குழலையும் அடைப்பையும் தொடும் வேலை எதுவாயினும் அதற்குரிய அனுமதி உள்ள துவக்குத் திருத்துநரிடமே போகவேண்டும் என்ற குறிப்பையும் தொகுப்பின் தொடக்கத்திலேயே இடலாம்.

எஞ்சியிருப்பது திருகாணியைச் சுற்றி மரத்துக்குள் இறக்கப்படும் அலுமினியக் குழாய்த்துண்டு. மரம் நசுங்காமல் திருகாணியின் இறுக்கத்தைத் தானே ஏற்றுக்கொள்வது அதன் வேலை. ‘தூண்’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். விரல்மூட்டளவு உயரமுள்ள அதைத் தூண் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இத்தகைய உட்குழாய் எதையும் ‘புஷ்’ என்றுதான் கேட்டு வாங்குகிறோம். ‘தாங்குகுழாய்’ என்பது என் பரிந்துரை. கடைசல் பட்டறை வைத்திருக்கும் அண்ணர் இதைவிடக் குறுகிய சொல்லொன்று தருவாராயின் அதையே ஏற்கலாம்.

அன்புடன்,
கொழும்பிலிருந்து ஓர் உறுப்பினர்