புதுப்பிப்பு: அம்மாவின் விரல் மூட்டு வீக்கம்

அம்மாவுக்கு விரல் மூட்டுகள் வீங்குவது, காலையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கை விறைத்திருப்பது பற்றிக் கேட்டிருந்தேன். வயதுக்கோளாறு என்று விடாமல் மூட்டுவாத நிபுணரிடம் காட்டச் சொன்னவர்களுக்குப் பெரிய நன்றி.

வெள்ளவத்தையில் இரத்தம் கொடுத்தோம். ஆன்டி-சிசிபி (இந்த நோயைக் காட்டும் ஓர் எதிர்ப்பொருள்) பொசிட்டிவ், ருமட்டோயிட் ஆத்ரைட்டிஸ்தான், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் வாதம். மூட்டு வீங்கப் பல வருடங்களுக்கு முன்பே இந்த எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கலாமாம்.

நோயை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் குளிசை தொடங்கியாச்சு. கிழமைக்கு ஒரு நாள் மட்டும்! தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. குளிசைப் பெட்டியில் 'ஞாயிறு' என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். அதன் பக்கவிளைவைக் குறைக்கும் ஃபோலிக் அசிட் வேறு நாளில். பலன் தெரிய 6 முதல் 12 கிழமை பிடிக்குமாம். மருந்து எடுக்கும் காலமெல்லாம் ஈரல், இரத்தப் பரிசோதனைகள். இந்த மருந்து போதாவிட்டால், வீக்கத்தைத் தூண்டும் எதிர்ப்புச் சக்தியைக் குறிவைத்து அடக்கும் பயோலொஜிக் ஊசி இருக்கிறது. அப்புறம், வீக்கம் கொஞ்சம் குறைந்தால் போதாது, நோய் முழுதாக அடங்க வேண்டும் என்பதுதான் இப்போதைய சிகிச்சையின் இலக்கு என்றார் டொக்டர். அதுதான் எனக்குப் பெரிய தெம்பு.