மோல்ஃப்ளோ ஒன்று சொல்கிறது, கேஜ் வேறு சொல்கிறது: கோளாறு எங்கே?

அம்பத்தூர்_கோட்டிங்:
எங்கள் வேக்கம் (வெற்றிட) கோட்டிங் சேம்பர் 50 லிட்டர், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வினாடிக்கு 250 லிட்டர் இழுக்கும் டர்போ பம்ப். நேரத்தோடு மாறும் அழுத்தத்தை மோல்ஃப்ளோவில் (வெற்றிடத்தில் வாயு மூலக்கூறுகளின் ஓட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்) ஓட்டினால், 10⁻⁴ மில்லிபாரிலிருந்து ஒன்றரை வினாடியில் 10⁻⁷-க்கு இறங்கிவிடுகிறது. நிஜத்தில் கேஜ் (அழுத்தமானி) மணிக்கணக்கில் 10⁻⁶ பக்கமே நிற்கிறது. சிமுலேஷன் வளைவின் வால் பகுதியும் பல் பல்லாக இருக்கிறது. எதைத் திருத்துவது?

கிண்டி_மான்டிகார்லோ:
அந்தப் பல்லில் இருந்து ஆரம்பியுங்கள். மோல்ஃப்ளோ ஒவ்வொரு துகளாகத் தொடர்ந்து போகிறது. நீங்கள் குறித்த கணத்தைச் சுற்றியுள்ள நேரச் சாளரத்துக்குள் விழும் ஹிட் (துகள் பரப்பில் மோதுவது) மட்டுமே எண்ணப்படும். வாலில் ஆயிரத்தில் ஒரு துகள்தான் மிஞ்சியிருக்கும், சாளரமும் குறுகலாக இருந்தால் எண்ண என்ன இருக்கிறது? 0.02 வினாடிக்கு அகலமாக்கி, அதிக நேரம் ஓட்டுங்கள். தொடக்க வாயுவையும் பாருங்கள். சேம்பரை நிரப்பி வைத்துத் தொடங்க முடியாது, குறுகிய டிசார்ப்ஷன் (பரப்பிலிருந்து வாயு வெளிவருவது) துடிப்பாகத்தான் கொடுக்க வேண்டும். உங்கள் கணக்கில் மொத்தம் 5×10⁻³ மில்லிபார்-லிட்டர். 1 மில்லிவினாடித் துடிப்பு என்றால் வினாடிக்கு 5 மில்லிபார்-லிட்டர். பம்ப் முகத்தில் ஸ்டிக்கிங் (மோதும் துகள் பிடிபடும் வாய்ப்பு) 1 என்று விட்டிருந்தால் அதுவும் தவறு. 100 மி.மீ. வாய்க்கு 0.27 வர வேண்டும்.

தரமணி_வேக்கம்:
நண்பரே, அவர் கொடுத்த எண்களையே பாருங்கள். 50-ஐ 250-ஆல் வகுத்தால் நேர மாறிலி 0.2 வினாடி. ஆயிரத்தில் ஒன்றாகக் குறைய அதுபோல் ஏழு மடங்கு, அதாவது 1.4 வினாடி. ஸ்டிக்கிங், துடிப்பு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் சொன்னதைச் செய்தால் பல் போகும், வழவழப்பான தவறான வளைவு கிடைக்கும். மாடலில் இல்லாதது தண்ணீர். 30 டிகிரியில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் நீராவி மட்டும் 34 மில்லிபார். சென்னையில் கதவைத் திறந்து வைத்தால் சுவரும் பழைய கோட்டிங் படலமும் அதைக் குடித்துவிடும்.

கிண்டி_மான்டிகார்லோ:
தண்ணீர் என்று எதற்கு வேண்டுமானாலும் சொல்லலாம். சுவரில் மூலக்கூறு தங்கும் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: ஒட்டும் ஆற்றல் மோலுக்கு 80 கிலோஜூல் என்றால் சுமார் 18 வினாடி, 100 என்றால் கிட்டத்தட்ட 19 மணிநேரம். இவ்வளவு இடைவெளியில் எந்த கேஜோடும் வளைவைப் பொருத்திவிட முடியும். அதை நான் விளக்கமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். முதலில், பம்புக்கும் சேம்பருக்கும் நடுவே குழாய் இருக்கிறதா? 4 செ.மீ. விட்டம், 40 செ.மீ. நீளம் என்றால் கடத்துதிறன் (குழாய் வாயுவை விடும் அளவு) வினாடிக்கு 17 லிட்டர்தான். அடித்தள அழுத்தம் (கடைசியில் எட்டும் அழுத்தம்) அதனாலேயே சுமார் 16 மடங்காகும்.

அம்பத்தூர்_கோட்டிங்:
குழாய் இல்லை சார், கேட் வால்வு மட்டும்தான். அப்புறம், வாயு அனலைசரில் 18-தான் (நீரின் நிறை எண்) மிக உயரம். 28, 32 (காற்றின் நைட்ரஜன், ஆக்சிஜன்) சிறியவை.

தரமணி_வேக்கம்:
அப்படியானால் லீக் பெரிதில்லை, ஓடுவது நீர்தான்.

கிண்டி_மான்டிகார்லோ:
நீர் என்பதை ஏற்கிறேன். ஆனால் எண் அளவீட்டிலிருந்து வர வேண்டும். கேட் வால்வை மூடி அழுத்தம் ஏறும் வேகத்தைப் பாருங்கள்.

தரமணி_வேக்கம்:
அந்த முறை இங்கே உதவாது. லீக் என்றால் நேர்கோடாக ஏறும். நீர் திரும்பவும் சுவரில் ஒட்டிக்கொள்வதால் ஏறி மட்டமாகிவிடும், வாயுச் சுமை குறைவாகவே தெரியும். பம்ப் ஓடும்போதே அழுத்தத்தை பம்ப் வேகத்தால் பெருக்குங்கள் (நீருக்கு உரிய வேகம் வேண்டும், நைட்ரஜன் எண் அல்ல). நேரத்தோடு மடக்கை அச்சுகளில் வரையுங்கள். சரிவு −1 பக்கம் வந்தால், அந்த வளைவையே நேரம் சார்ந்த அவுட்கேசிங்காக (சுவரிலிருந்து கசியும் வாயுவாக) மோல்ஃப்ளோவில் கொடுங்கள்.

கிண்டி_மான்டிகார்லோ:
அளந்ததையே உள்ளே கொடுத்தால் அதே வெளியே வரும், அதில் கணிப்பு எங்கே? உலர் நைட்ரஜனால் வென்ட் செய்து (சேம்பரை நிரப்பி) ஒரு முறை, அறைக் காற்றில் ஒரு முறை இறக்குங்கள். ஒரே ஆற்றல் எண்ணை வைத்து, தொடக்க நீரின் அளவை மட்டும் மாற்றி இரண்டு வளைவும் வந்தால் ஒப்புக்கொள்கிறேன்.

அம்பத்தூர்_கோட்டிங்:
நைட்ரஜன் சிலிண்டர் இருக்கிறது. இரண்டு முறையும் இறக்கிப் பார்த்து வளைவுகளை இங்கேயே போடுகிறேன்.