அலெக்ஸ் ஷார்ப்பின் முதல் மேடை: நேரில் பார்த்தவர்களின் அனுபவங்கள்

2014 நவம்பரில் நியூயார்க் சென்றிருந்தபோது, எந்த நாடகத்தைப் பார்ப்பது என்று முடிவு செய்யாமலேயே டைம்ஸ் சதுக்கத்தின் சிவப்புப் படிகளுக்கு அடியில் இருக்கும் சலுகை விலைச் சீட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற இரண்டு நாடக மாணவிகள், அந்த ஆண்டு மே மாதம்தான் ஜூலியார்ட் கலைப்பள்ளியில் நடிப்புப் படிப்பை முடித்த அலெக்ஸ் ஷார்ப் என்ற ஓர் இளைஞர், செப்டம்பரிலேயே பிராட்வே நாடகமொன்றின் முதன்மைப் பாத்திரமாக மேடையேறிவிட்டதைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன் அவர் தொழில்முறை மேடை எதிலும் நடித்ததில்லை என்று அவர்கள் சொன்னதைக் கேட்டதும் வரிசையை விட்டு விலகி, அதே 47ஆம் தெருவில் சற்றுத் தள்ளி இருந்த எத்தல் பேரிமோர் அரங்கின் சீட்டு வழங்குமிடத்துக்கு நடந்தேன். மேல்மாடத்தில் பின்வரிசையில் ஓர் இடம் கிடைத்தது.

நாடகம், மார்க் ஹாடன் 2003இல் எழுதிய நாவலைத் தழுவி சைமன் ஸ்டீஃபன்ஸ் அமைத்த ‘தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட் டைம்’. கணிதத்தில் அபாரத் திறமையும், பிறர் தொட்டால் தாங்க முடியாத இயல்பும் கொண்ட கிறிஸ்டோஃபர் என்ற 15 வயதுச் சிறுவன், பக்கத்து வீட்டு நாயைக் கொன்றவர் யார் என்று தேடப் போய், தன் குடும்பத்தைப் பற்றிய உண்மையில் வந்து முட்டிக்கொள்ளும் கதை. கிறிஸ்டோஃபர் மேடையை விட்டு விலகும் நேரமே அநேகமாக இல்லை. வரைபடத்தாள் போலக் கட்டம் போட்ட பெட்டிக்குள் ஒளியும் எண்களும் ஓடிக்கொண்டிருக்க, குழு நடிகர்கள் அவரைத் தூக்கிச் சுவரில் பக்கவாட்டில் நடக்க வைக்கிறார்கள். விண்வெளியில் மிதக்க விடுகிறார்கள். முதல் பாதியில் அவர் துண்டு துண்டாக அடுக்கிச் சேர்த்த பொம்மை ரயில்பாதையில் ரயில் ஓடத் தொடங்கியபோது, என் பக்கத்தில் இருந்த முதியவர் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

இவையெல்லாம் இயக்குநர் மரியான் எலியட்டுக்கும், உடலசைவுகளை அமைத்த ஃபிராண்டிக் அசெம்ப்ளி குழுவினருக்கும், மேடையை வடிவமைத்த பன்னி கிறிஸ்டிக்கும் உரிய பெருமை என்று ஒருவர் சொல்லலாம், அது சரியும்கூட. ஆனால் நான் சொல்ல வந்தது கைவிரல்களைப் பற்றி. அணைத்துக்கொள்ள முடியாத மகனுக்காக அவன் தந்தை ஒரு வழி வைத்திருக்கிறார். கையை உயர்த்தி விரல்களை விசிறிபோல் விரிப்பார். மகனும் விரித்து, விரல்நுனிகளை மட்டும் ஒற்றிக்கொள்வான். காவல் நிலையத்தில் இது முதன்முறை நடக்கும்போது ஷார்ப் தந்தையின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. பார்வை வேறெங்கோ இருக்க, கை மட்டும் சரியான இடத்தைத் தேடி வந்து சேர்கிறது. பின்னர், தந்தை தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு அதே கையை உயர்த்தும்போது மகனின் கை எழவில்லை. அழுகையோ கத்தலோ இல்லை; அந்தக் கை எழாமல் இருந்ததுதான் நடிப்பு. கடைசி வரிசையில் இருந்த எனக்கு அவர் முகம் ஒரு நாணயத்தின் அளவில்தான் தெரிந்தது. ஆனாலும் அந்தக் கை எழவில்லை என்பது தெரிந்தது. மேடையில் நெடுநாள் பழகியவர்களுக்கே அரிதாக வாய்க்கும் அடக்கத்தை, பள்ளியை விட்டு வந்த ஆறாம் மாதத்தில் ஒருவரிடம் கண்டேன்.

காட்சி முடிந்ததும், நடிகர்கள் வெளியேறும் மேடைக் கதவுக்கு வெளியே கூடிய கூட்டத்தில் நானும் நின்றேன். அவர் வந்தார், நீட்டிய பிளேபில்களில் (அரங்கில் தரும் நிகழ்ச்சிக் கையேடுகளில்) கையெழுத்திட்டபடி வரிசையோரமாக நகர்ந்தார். தொடுதலைத் தாங்காத ஒரு சிறுவனாக இரண்டரை மணி நேரம் வாழ்ந்துவிட்டு வருபவரின் தோளைத் தொட்டுப் படம் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. என் தாளில் கையெழுத்திட்டபோது நன்றி என்ற ஒரு சொல்தான் என்னால் சொல்ல முடிந்தது. நீங்கள் யாராவது பார்த்திருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

* * *

நான் இருமுறை பார்த்தேன். முதல்முறை போனபோது அரங்க முகப்பில் அன்றைய கிறிஸ்டோஃபராக டெய்லர் டிரென்ச்சின் பெயர் இருந்தது. உடலை அவ்வளவு வருத்தும் பாத்திரத்தை வாரத்துக்கு எட்டுக் காட்சிகளும் ஒருவரே தாங்குவது கடினம் என்பதால் குறிப்பிட்ட காட்சிகளில் அவர் நடித்தார். ஷார்ப்புக்காகவே நெடுந்தூரம் வந்த எனக்கு அது பெரும் ஏமாற்றம். ஆனால் டிரென்ச்சும் என்னை முழுமையாக ஈர்த்துக்கொண்டார் என்பதை இங்கே பதிவு செய்வது கடமை என்று நினைக்கிறேன்.

இரண்டாம் முறை போனது 2015 ஜூலையில். ஜூன் 7ஆம் தேதி ரேடியோ சிட்டி அரங்கில் நடந்த, பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது விழாவில், பில் நை, பிராட்லி கூப்பர், பென் மைல்ஸ், ஸ்டீவன் போயர் ஆகியோருடன் ஒரே பட்டியலில் இருந்த ஷார்ப், தமது 26ஆம் வயதில் சிறந்த நடிகர் விருதைப் பெற்றிருந்தார். விருதுக்குப் பிந்தைய கூட்டம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முதல் வணக்கத்திலேயே அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. நான் கவனித்தது இதைத்தான்: அவரை ஒவ்வொரு முறையும் தூக்கிப் பிடித்த குழு நடிகர்களும் அதே வரிசையில் நின்று வணங்கினார்கள், ஆனால் வெளியே வந்த பிறகு, அவர்களில் சிலர் அந்தக் கூட்டத்தைத் தாண்டி, யாரும் பெயர் சொல்லி அழைக்காமலேயே நடந்து போனார்கள். அவர்களில் ஒருவரிடம் என் பிளேபில்லை நீட்டினேன். ஷார்ப்பின் கையெழுத்து வாங்க முடியாமல் போனதில் எனக்கு வருத்தமில்லை.

* * *

மேலே விரல்களைப் பற்றி எழுதியவருக்கு என் மனமார்ந்த நன்றி. எங்கள் மகன் ஆட்டிசம் உள்ளவன்; 2015 வசந்தத்தில் அவனை அழைத்துக்கொண்டு போனபோது அவனுக்கு 14 வயது. இரைச்சலும் வெட்டி வெட்டி மின்னும் ஒளியும் நிறைந்த நாடகம் என்று தெரிந்ததால் காதடைப்பானும், எழுந்து போக வசதியாக ஓரத்து இருக்கைகளும் ஏற்பாடு செய்திருந்தோம். லண்டன் ரயில் நிலையக் காட்சியில், எல்லா அறிவிப்புகளும் ஒரே நேரத்தில் கிறிஸ்டோஃபரின் தலைக்குள் பாய்ந்தபோது, என் மகன் காதைப் பொத்திக்கொண்டான். ஆனால் எழுந்து போகவில்லை. தனக்குள் நடப்பது வெளியே ஒருவரின் உடலில் தெரிவதை அவன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு தாயாக நான் மறைக்காமல் சொல்ல வேண்டியதும் உண்டு. ஷார்ப்பின் நடிப்பில் கேலியோ இரக்கம் தேடும் பாவனையோ துளியும் இல்லை. அதற்காக அவரை என்றும் மதிப்பேன். எனினும், இந்தப் பாத்திரத்தை ஏற்க ஆட்டிசம் உள்ள நடிகர் ஒருவருக்கு ஏன் வாய்ப்பில்லை என்ற கேள்வி அந்த மாலை முழுவதும் எனக்குள் இருந்தது. 2017இல் இண்டியானா ரெபர்டரி தியேட்டரில் ஆட்டிசம் உள்ள நடிகரான மிக்கி ரோ இதே பாத்திரத்தை ஏற்றார் என்ற செய்தியைப் படித்தபோது, அதை மகனுக்கு இருமுறை வாசித்துக் காட்டினேன். ஒருவரைப் பாராட்டுவதும் மற்றவருக்கு இடம் கேட்பதும் ஒன்றுக்கொன்று பகையானவை என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த நாடகத்தில் இறுதி வணக்கத்துக்குப் பிறகும் ஒரு சிறு பகுதி உண்டு என்பதை மேலே எழுதிய இருவரும் குறிப்பிடவில்லை. கிறிஸ்டோஃபர் மீண்டும் மேடைக்கு வந்து, தேர்வில் தான் விடையளித்த கணக்கை விளக்குவான்: பக்கங்கள் n²+1, n²−1, 2n என்று அமையும் முக்கோணம் செங்கோண முக்கோணம் என்பதற்கான நிறுவல். பலர் மேடைக் கதவில் முன்னிடம் பிடிப்பதற்காக அப்போதே எழுந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். ஷார்ப் ஒரு வரியைக்கூட அவசரப்படுத்தாமல், மீதி இருந்த எங்களுக்காக அதே உற்சாகத்தோடு கடைசிப் படி வரை விளக்கினார். என் மகன் காதடைப்பானைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டான்.

வெளியே கூட்டத்தைக் கண்டதும் அவன் தெருவின் எதிர்ப்பக்கத்திலேயே நின்றுவிட்டான். கையெழுத்து வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றான். சுரங்க ரயிலில் என்னிடம் பேனா வாங்கி, பிளேபில் அட்டையில் மற்றவர்கள் கையெழுத்து வாங்கும் அதே இடத்தில் எழுத ஆரம்பித்தான். n=2 என்றால் 5, 3, 4. n=3 என்றால் 10, 8, 6. n=4 என்றால் 17, 15, 8. எங்கள் நிறுத்தம் வருவதற்குள் n=11 வரை வந்திருந்தான். அந்த அட்டை இன்றும் அவன் மேசையில் இருக்கிறது.