சிட்டி ஆட்டோமேட்டிக்: கியர்பாக்ஸ் ஆயிலை வீட்டுலயே மாத்துனவங்க இருக்கீங்களா?

அண்ணாச்சிமாரே, வண்டி 2010 ஹோண்டா சிட்டி, 5 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். பாளையங்கோட்டையில இருக்கேன். காரையாறு மலைப்பாதை ஏறும்போது ரெண்டாவது கியர்ல இருந்து மூணுக்கு மாறுற இடத்துல லேசா உதறுது.

இந்த வண்டிக்கு கியர்பாக்ஸ் ஆயில் அளவு பாக்க, இன்ஜினை நல்லா சூடாக்கி, ஆஃப் பண்ணி, ஒன்றரை நிமிஷத்துக்குள்ள டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டுற கம்பி) பாக்கணும். இன்ஜினை ஓடவிட்டுப் பாக்கச் சொல்லுத மெக்கானிக்குங்க வேற கம்பெனி வண்டிப் பழக்கத்துல சொல்லுதாங்க. அளவு சரியா இருக்கு. நிறந்தான் சிவப்பு போயி கடுங்காப்பி மாதிரி ஆயிட்டு. கருகின வாடை இல்ல.

அடியில இருக்க வடிகால் போல்ட்டைக் கழட்டினா ரெண்டரை லிட்டர் போலத்தான் இறங்கும். மீதி டார்க் கன்வர்ட்டர்லயும் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கடத்துற பாகம்) உள்ளயும் தங்கிரும். அதனால வடிச்சு, புதுசு ஊத்தி, கொஞ்சம் ஓட்டிட்டு மறுபடி வடிக்கலாம்னு நினைக்கேன். மெஷின் வச்சுப் பிரஷர்ல கழுவுறதுல எனக்கு நம்பிக்கை கிடையாது.

ஹோண்டாவோட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலான டிடபிள்யூ-1 அசலா வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பக்கம் எங்க கிடைக்கும்? வடிகால் போல்ட்டுக்குப் புது அலுமினிய வாஷரும் வேணும். ஒரு வடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் ஓட்டுனீங்க? போல்ட்டுல இருக்க காந்தத்துல இரும்புத்தூள் மாவு போல ஒட்டுனா வழக்கமான தேய்மானம், சில்லாக் கிடந்தா வம்பு, அது தெரியும். பழைய ஆயிலை இங்க யாரு வாங்குதா? ஓடையில ஊத்துன்னு மட்டும் சொல்லிராதீங்க, தாமிரபரணி ஏற்கெனவே படுத பாடு போதும்.