புதுப்பிப்பு: மணல் தொட்டி அகழாய்வு நடந்தே விட்டது

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அகழாய்வைச் செய்முறையாகக் காட்ட வழி கேட்டு போன மாதம் எழுதியிருந்தேன் இல்லையா? சனிக்கிழமை செய்து பார்த்தோம்.

செங்கல் அடுக்கித் தொட்டி கட்டி, அடியில் களிமண், நடுவில் செம்மண், மேலே மணல் போட்டேன். கீழடி ஓடுகளில் வரும் ‘ஆதன்’ என்ற பெயரைத் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் ஆணியால் கீறிய பானை ஓடுகள் அடியில். மேலே பேனா மூடி, ஐந்து ரூபாய் நாணயம்.

முதல் குழு சொதப்பல். புதையல் வேட்டை மாதிரி கையை விட்டு அள்ளிவிட்டார்கள். பேனா மூடியும் ஆதனும் ஒரே குவியலில்! தப்பு என்னுடையதுதான், நூல் கட்டிக் கட்டம் பிரிக்க மறந்துவிட்டேன். அடுத்த குழுவுக்குக் கட்டம், பெயின்ட் பிரஷ், ஒவ்வொரு அடுக்குக்கும் தனிப் பை. எது எந்த ஆழத்தில் கிடைத்தது என்று அவர்களே வரைந்தார்கள்.

கறுப்பு சிவப்புப் பானைப் படத்தைப் பார்த்து ஒருத்தி கேட்டாள்: “உள்ள மட்டும் ஏன் சார் கறுப்பு?” கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளே காற்றுப் போகாது, அதனால்தான் என்றேன். “அப்ப நாமளும் சுட்டுப் பார்க்கலாமா?”

குயவர் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். சூளைக்குத் தலைமையாசிரியர் அனுமதிதான் பாக்கி.